போணியாகாத கடை

வரக்கூடாது என்று சொன்னால் வராமல் இருப்பதற்கு நான் என்ன அவர் ஓட்டின பஸ்ஸா, காலை வைத்து அழுத்தினதும் நிற்க, பரிசு வாங்க வந்திருக்கிறேன், எல்லாரும்தான் வந்திருக்கிறார்கள், பாளையங்கோட்டையில் பாதி சனம் இந்தப் பள்ளிக்கூட மைதானத்தில்தான் நிற்கிறது, கிறிஸ்துமஸ் கைவினைச் சந்தை, அனைவரும் வருக என்று வாசலில் துணி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், தங்கப்புஷ்பம் நீங்கலாக என்று அதில் எழுதவில்லை. நாத்தனாருக்கு ஏதாவது வாங்க வேண்டும். வாழை மண்டியில் என்னிடம் தார் இறக்குகிற ஆட்களின் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பிளாஸ்டிக் டப்பா கொடுத்து எனக்கே சலித்துவிட்டது, இந்த வருஷம் கையால் செய்த சாமானாகக் கொடுப்போம். நியாயமான காரணம்தான், யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யாரும் கேட்கவில்லை, கண் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் மைதானத்தின் கடைசிக்குப் போய்ப் போய் வருகிறது, அங்கே வேப்பமரத்துக்குக் கீழே மடக்கு நாற்காலியில் யேசுவடியான், என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கல்யாணம் இல்லை, மகள் கல்யாணம். அவருக்கு முன்னால் பெஞ்சில் அவர் செய்த மரப் பஸ்கள், ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி வரிசையாக. கடை திறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒன்றுகூடக் கிளம்பவில்லை. இன்னும் போணி ஆகவில்லை.

காலையில் வாசல்படியில் நின்று சொன்னார், அங்க வராத, வந்தா கடைய நீ எடுத்துக்கிடுவ. நான் எதை எடுத்துக்கொண்டேன். கண் போய், வேலையும் போய், வீட்டு ஜன்னலோரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வீட்டை எடுத்துக்கொண்டேன், சரி, யாராவது எடுக்க வேண்டாமா, கரண்ட் ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் அவர் பங்குக்கும் நானே போய்க் கத்திவிட்டு வந்தேன், சாப்பாட்டு மேசையில் அவர் பேச வேண்டிய பேச்சையும் நானே பேசினேன், என்னங்க, குழம்பு உப்பா இருக்கா, ஆமா இருக்கு, கொஞ்சம் மோர் ஊத்திக்கிடுங்க, சரி, என்று கேள்வியும் நானே பதிலும் நானே. இதையா எடுத்துக்கொண்டாள் என்பது. ஆனால் அதைச் சொல்லவாவது வாயைத் திறந்தாரே. நாத்தனார் ரஞ்சிதம், அவருடைய தங்கை, கோயில் பெண்கள் சங்கத்தில் சொல்லி இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தவள், நேற்று என்னிடம் தனியாகச் சொன்னாள், மைனி, அண்ணன் ஒரு மாதிரி பேசுது, நாளைக்கு ஒண்ணுகூடப் போகலன்னா எல்லாத்தையும் அடுப்புல வச்சிருவேன்னு சொல்லுது. அடுப்பில். எங்கள் வீட்டில் அடுப்பே கேஸ்தான். ஆனாலும் அவர் சொன்னால் செய்வார், கொல்லையில் கல்லைக் கூட்டி வைத்தாவது எரிப்பார், எரித்துவிட்டுத் திரும்பப் போய் அந்த நாற்காலியில் உட்காருவார், இரண்டாவது தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும், தெரியும் என்று நினைக்கிற போதே காலுக்கடியில் மண் சுடுகிற மாதிரி இருக்கிறது, டிசம்பர் மாசம், மண் சுடாது.

போணி என்பது சின்ன விஷயம் இல்லை. வேதக்காரர்களுக்கு ராசி என்ன, நேரம் என்ன என்று எங்கள் போதகர் பிரசங்கத்தில் கேட்பார், அவர் ஒரு நாள் மண்டிக்கு வந்து ஏலம் கூறிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். முதலில் வருகிற ஆள் முகம் சுளிக்காமல் வாங்கிப் போனால் அன்றைக்கு வியாபாரம் வாய்க்காலில் தண்ணீர் மாதிரி ஓடும், முதலில் வருகிற ஆள் தட்டிப் பார்த்து முகர்ந்து பார்த்து அடிமாட்டு விலைக்குக் கேட்டுக் கடைசியில் வேண்டாம் என்று போனால் சாயங்காலம் வரை ஈ ஓட்ட வேண்டியதுதான், எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பல கடைகளில் அந்த ஆள் நான்தான். பாத்திரக்கடையோ செருப்புக்கடையோ, தெருமுனையில் என் தலை தெரிந்ததும் சொல்கிறார்கள், புஷ்பக்கா, இன்னும் போணி ஆவலக்கா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. டீயும் அவர்களே வாங்கிக் கொடுக்கிறார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டின அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் ஒருத்தி நின்று வாழைத்தார் பிடிக்கிறாள் என்றால் அவளைப் பார்த்துப் பயம் இருக்க வேண்டும், பயம் போனால் அடி முழுக்க அழுகின தாரை மேல்சீப்பை மட்டும் காட்டித் தலையில் கட்டிவிடுவான்கள். பயப்படட்டும். ஆனால் இந்த மைதானத்தில் நின்று அதை நினைத்தால் பெருமையாக இல்லை. அவர் தடுக்காவிட்டாலும் நான் எப்படி அந்தக் கடைக்கு முதல் ஆளாகப் போவேன். ஊரில் ஒருத்தன் விரும்பாத கையை அவர் பெஞ்சில் எப்படி வைப்பேன்.

சும்மா நிற்கக்கூடாது, சும்மா நின்றால் பார்த்துவிடுவார், ஒரு கண் போனாலும் இன்னொன்று பருந்துக் கண். காகித நட்சத்திரம் விற்கிற கடையைத் தாண்டி, பத்தமடைப் பாய் விரித்திருக்கிற கடையைத் தாண்டி, ஓலைப்பெட்டிக் கடையில் குனிகிறேன். நல்ல பெட்டி, ஊதா ஓலையும் பச்சை ஓலையும் மாற்றி மாற்றி, மூடியைத் தூக்கினால் பனையின் பச்சை வாசனை. இருக்கிற பெண்ணுக்கு உடன்குடிப் பக்கம் போல, பேச்சு அப்படி. விலை சொன்னாள். நான் என் விலையைச் சொன்னேன். "அக்கா, நீங்க கேக்கிய விலைக்கு ஓலைகூட வராதே." "ஏன் வராது, மரத்துல சும்மாதான தொங்குது." "அப்பம் ஏறி வெட்டிட்டு வாங்க, சும்மாவே முடைஞ்சு தாரேன்." பக்கத்தில் நின்ற பாய்க்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வாய்க்காரியாக இருக்கிறாள், இவளை மண்டிக்குக் கூட்டிப் போகலாம். சரி, இனிமேல்தான் ஆட்டம் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன், மூடி சரியாகப் பொருந்தலியே, ஓரம் பிசிறாக இருக்கே, இதே பெட்டி டவுனில் பாதிக்குக் கிடைக்குதே என்று எனக்குப் பாடமான வரிசையில் வந்தது எல்லாம், வந்துகொண்டிருக்கும்போதே என் குரல் என் காதில் விழுந்தது, வேறு யாரோ சொல்கிற மாதிரி, வேப்பமரத்தடியில் நின்று எவனோ ஒருவன் சக்கரம் சரியாகப் பொருந்தலியே, பெயிண்ட் கோணலாக இருக்கே என்று சொல்கிற மாதிரி. நாக்கு நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து இவள், "சரிக்கா, உங்க விலைக்கே எடுத்துக்கிடுங்க, சாயங்காலம் ஆயிட்டு" என்றாள். எனக்கு வந்தது பார் கோபம். "ஏம்மா உடனே இறங்குத? இவ்வளவு நேரம் நல்லாத்தான பேசுன. நின்னு பேசணும், நான் போற மாதிரி போவேன், நீ கூப்பிடாம இருக்கணும், நானே திரும்பி வருவேன். இது தெரியாம எதுக்குக் கடைக்கு வந்த?" அவள் பாய்க்காரரைப் பார்த்தாள், பாய்க்காரர் வானத்தைப் பார்த்தார். அவள் முதலில் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன். பின்னால் அவள் பாய்க்காரரிடம் சொன்னது கேட்டது, "வாங்குனதுக்கும் ஏச்சா அண்ணாச்சி?"

நின்று பேச எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், பஸ் ஸ்டாண்ட்தான் சொல்லிக் கொடுத்தது. கல்யாணத்துக்கு முந்தி கூடையில் பழம் வைத்து ஜன்னல் ஜன்னலாகக் கூவி விற்பேன். வண்டி கிளம்புகிறவரை விலை பேசுவான்கள், கிளம்புகிற நேரம் பழத்தை வாங்கிக்கொண்டு சில்லறை தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் துழாவுவான்கள், வண்டி நகர்ந்ததும் கையை ஆட்டிச் சிரிப்பான்கள். ஓடுவேன். செருப்பில்லாத காலோடு டீசல் தண்ணீரில் வழுக்கி வழுக்கி ஓடுவேன், எந்த டிரைவரும் நிறுத்தியதில்லை, அவனவனுக்கு டைமிங். ஒரே ஒருத்தர் நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்திருக்கிறார், வாசலைத் தாண்டுகிற வண்டியைப் பிடித்து நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, ஒன்றுமே பேசாமல் திரும்பி அந்த ஜன்னல்காரனைப் பார்த்தார், அவ்வளவுதான், காசு என் கைக்கு வந்தது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்துக் கத்தினான், இவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், பேசாத ஆள் நமக்குத் தோது, பேச்சை நாம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது நினைத்தால் அதற்குத்தான் தண்டனையோ என்று தோன்றுகிறது, இல்லை, தண்டனை கிண்டனை எல்லாம் போதகர் பேச்சு, சர்க்கரைதான், சர்க்கரை வியாதி இடது கண்ணைத் தின்றது, இனிப் பெரிய வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார், அன்றைக்கு வந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டவர்தான். முதலில் பைபாஸில் போகிற வண்டிகளைக் காதால் கேட்டு, இவன் கியர் மாத்தத் தெரியாதவன், இவன் கிளட்ச்சுலயே நிக்கான் என்று சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு எரிச்சலாக வரும், பிறகு அதுவும் நின்றது, நின்ற பிறகுதான் அந்த எரிச்சல் எவ்வளவு நல்ல எரிச்சல் என்று தெரிந்தது.

பிறகு ஒரு நாள் மண்டியிலிருந்து நான் விறகுக்குக் கொண்டுவந்து போட்ட ஆப்பிள் பெட்டிப் பலகையை எடுத்து வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். என்னங்க செய்தீய என்று கேட்டேன், ரம்பத்தை நிறுத்தாமல் பலகையை மட்டும் திருப்பிப் போட்டார். மூங்கிலை வட்டம் வட்டமாக அறுத்துச் சக்கரம், ஒவ்வொரு ஜன்னலுக்கும் கம்பி, முன்னால் ஊர்ப் பலகை, பின்னால் ஏணி, மேலே லக்கேஜ் வைக்கிற கூண்டு. ஒரு கண்ணால் பார்த்து அடிக்கிற கோடு நேராக வராது, விரலால் தடவித் தடவி அடிப்பார், இருந்தாலும் லேசாகச் சாயும், அந்தச் சாய்வில் அந்தப் பஸ்கள் வளைவில் திரும்புகிற மாதிரி இருக்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. நல்லா இருக்கு என்று சொல்லத் தெரியாத வாய், நல்லா இருக்கு என்று சொன்னால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான், அப்படியே பழகிவிட்டது. நல்லா இருக்கு. இங்கே நின்று இப்போது சொல்கிறேன், மெழுகுவர்த்திக் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, ஓலைப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

ஒரு பெண் வருகிறாள், சின்ன வயசு, இடுப்பில் பிள்ளை. பிள்ளை மரத்தடிப் பக்கம் கையை நீட்டுகிறது, அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். எனக்குள் ஒன்று மின்னியது, போய் மறித்தேன். "ஏம்மா, பிள்ளை பஸ்ஸு கேக்கு பாரு. வாங்கிக் குடு, காசு நான் தாரேன்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எதுக்குத் தரணும்?" "தாரேன், அவ்வளவுதான். போய் வாங்கு, வாங்குனா போதும். நான் தந்தேன்னு மட்டும் சொல்லாத." "ஏங்க, எங்க வீட்டுக்காரர் சம்பாதிக்காரு. பிச்சையா எடுக்கோம்?" என்று பிள்ளையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று கேக் விற்கிற பக்கம் போய்விட்டாள். ரோஷக்காரி. நானாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சேர்த்து. முகத்தில் ரத்தம் ஏறியது, அவள் மேல் இல்லை, என் மேல். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த தாரை நான் மண்டிக்குள்ளேயே விடமாட்டேன், மேலே மஞ்சளாக மினுக்கும், உள்ளே கட்டையாக இருக்கும், ஒரு சீப்பு உரித்தால் தெரிந்துவிடும், அப்படி ஒரு போணியை அவருக்குக் கொண்டுபோய் வைக்கப் பார்த்தேனே. அவர் உரித்துப் பார்க்க மாட்டாரா. கண்டுபிடித்திருந்தால். வெயில் இறங்கி, நட்சத்திரக் கடைகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள், மரத்தடியில் விளக்கு இல்லை, அங்கே விளக்குக்கு ஒயர் இழுக்கவில்லை, இதை நான் வந்த உடனே பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தால் அந்த ஒயர்க்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன், அதற்காகத்தான் என்னை வராதே என்றாரோ.

அப்போதுதான் அந்த ஆள் போனான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்த ஆள், கையில் கார் சாவி. நேராக மரத்தடிக்குப் போய் ஒரு பஸ்ஸை எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தான். வாங்கப்போகிறான், கவிழ்த்துப் பார்க்கிறவன் வாங்குவான், நான் அப்படித்தான். மெழுகுவர்த்திக் கடைத் தட்டிக்கு இந்தப் பக்கம் காதை வைத்தேன். "என்ன விலைங்க?" இவர் சொன்னார். "ரெண்டா எடுத்துக்கறேன், பாதிக்குக் குடுங்க." பாதியா, உன் காரைப் பாதி விலைக்குக் கொடுப்பியால என்று என் வாய்க்குள் வந்ததைப் பல்லைக் கடித்துப் பிடித்தேன். இவர் கொடுத்துவிடுவார், எனக்குத் தெரியும், வீட்டில் பால்காரன் தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் சொல்லாத ஆள், சரி எடுத்துக்கிடுங்க என்பார், போணி ஆகிவிடும், ஆனால் அது போணியா, பாதி விலைக்குப் போனது அவருக்கு இன்றைக்கு ராத்திரி நெஞ்சில் நிற்காதா. "பெயிண்ட் பாருங்க, கோடு கோணலா இருக்கு" என்றான் அவன். "நம்ம ஊரு ரோடும் அப்படித்தான சார் இருக்கு" என்றார் இவர். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டேன். "அது சரிங்க. ஆன்லைன்ல இதவிட சூப்பரா, ரிமோட்டோட வருது." "ரிமோட் உள்ளத அங்கயே வாங்கிக்கிடுங்க. இது பிள்ளையள் கையால தள்ளுத வண்டி." "கடைசியா சொல்லுங்க, என்னதான் குறைப்பீங்க?" "சார், பஸ்ல ஏறுனா டிக்கெட்டுக்குப் பேரம் பேசுவீயளா?" அவன் சிரித்தான், தோளைக் குலுக்கினான், பஸ்ஸை நிமிர்த்தாமலேயே பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான். போயே போய்விட்டான். முதலில் வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். எந்தக் கடைக்காரனும் செய்யாத வேலை, கைக்காசு நட்டப்பட்டாவது முதல் ஆளைப் பிடித்து வைப்பான்கள், இவர் வாசல் வரை வந்த போணியை வழியனுப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், இனி எவன் வருவான், விளக்கும் இல்லை. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அதே நேரம் உடம்பு முழுக்க ஏதோ பொங்கிக்கொண்டு மேலே வந்தது, அவர் பேசினார், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பேசினார், பதிலுக்குப் பதில், ரோடும் அப்படித்தான் இருக்கு என்று நக்கல் வேறு, இந்தக் குரல் எங்கே இருந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த இத்தனை காலமும் இது எங்கே ஒதுங்கி நின்றது.

எப்போது தட்டியை விட்டு வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பெஞ்சுக்கு முன்னால் நிற்கிறேன். கவிழ்ந்து கிடந்த பஸ்ஸை அவர் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார், முகத்தைத் திருப்பி நல்ல கண்ணால் பார்த்தார். "வராதன்னேன்லா."

"பரிசு வாங்க வந்தேன். மண்டி ஆளுக பிள்ளையளுக்கு."

"மத்தியானத்துல இருந்து அந்தப் பெட்டியதான் வாங்குதியா?"

பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கோபம் வர வேண்டும், வரவில்லை. அவர் பஸ்களை ஒவ்வொன்றாக முகம் பார்த்து நேராக்கினார். பிறகு, "இன்னும் போணி ஆவலட்டி" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். கால் தானாகத் திரும்பியது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "சரி, ஆவட்டும். பொறவு வாரேன்" என்றேன், எல்லாக் கடையிலும் சொல்கிற மாதிரி.

"எங்க போற? நீ பண்ணு."

"நானா. ஊர்ல ஒருத்தன் என் கையால போணி வாங்கமாட்டான்."

"ஊர்க்காரன் கடையா இது? எடு."

எடுத்தேன். கையில் பிடித்தால் பலகையில் அவர் கைச்சூடு, மூங்கில் சக்கரம் விரலில் உருண்டது. எவ்வளவு என்றேன். அந்தக் கண்ணாடிக்காரனிடம் சொன்ன அதே விலையைச் சொன்னார். மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், சத்தியமாக, ஆனால் வாய் அதன் பாட்டுக்கு, "ரெண்டு எடுத்தா?" என்றது.

"ரெண்டு டிக்கெட்டு."

"கட்டின பொண்டாட்டிக்குமா?"

"பொண்டாட்டிக்குப் பாஸ் கிடையாது."

மீசைக்குக் கீழே உதடு லேசாக அசைந்தது. நான் நின்று பார்த்தேன், போகிற மாதிரி ஒரு எட்டு வைத்தும் பார்த்தேன், அவர் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன். இடுப்புப் பையைத் திறந்து முழுசாகக் கொடுத்தேன், என் ஆயுசில் ஒரு பொருளை இவ்வளவு சந்தோஷமாகத் தோற்று வாங்கினதில்லை. அவர் அந்த நோட்டை இரண்டு கையாலும் வாங்கினார், பார்க்கிற கண்ணிலும் ஒற்றினார், பார்க்காத கண்ணிலும் ஒற்றினார், பிறகு அதை ஒவ்வொரு பஸ்ஸின் கூரையிலும் தொட்டுத் தொட்டு எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பி நட்சத்திர விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் கலங்கலாக, நீர் நீராகத் தெரிந்தது.

"சும்மா நிக்காத" என்றார் பின்னாலிருந்து. "ஆள ஏத்து."

"நான் பேசலாமா?"

"வெலைய நான் சொல்லுவேன். நீ கூப்பிடு."

மண்டியில் விடிகிறதுக்கு முன்னால் ஏலம் கூறினால் ரெயில்வே கேட் வரைக்கும் கேட்கிற குரல், அதைத் தொண்டையில் தேடினால் காணோம். இருமினேன். முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். மெல்லத்தான் முதலில் வந்தது, ஜங்ஷன், டவுன், பேட்டை, என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி, அடுத்த தடவை கொஞ்சம் பெரிசாக, மூன்றாவது தடவை மெழுகுவர்த்திக் கடைக்காரி கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டாள். பாய் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள், கேக் கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள், ஃபிராக் போட்ட ஒரு சின்னக் குட்டி அப்பன் கையை விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு பஸ்ஸைப் பிடித்துப் பெஞ்சு நெடுக உருட்டியது, அது லேசாகச் சாய்ந்து, வளைவில் திரும்புகிற மாதிரியே போனது. அப்பன் மூச்சிரைக்க வந்து என்னைப் பார்த்து, "எவ்வளவுக்கா?" என்றான். விலை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தேன்.

"டிரைவர்ட்ட கேளுங்க" என்றேன்.